அவ சொன்னதா, நான் சொன்னதா

மகன்,

நேற்றுப் பின்னேரம் நீ கிணற்றடியில் நின்று தர்சினியோடு போனில் கதைத்ததெல்லாம் குசினி யன்னலால் எனக்கு வடிவாகக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அங்கால இங்கால அசைய முடியவில்லை. அசைய முடியாத ஆள் கேட்காமல் என்ன செய்கிறது? “அம்மாக்குச் சுகம் வரட்டும், மறுகா பாப்பம்” என்று சொன்னாய். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ தெரியாது. பிறகு, ஆவணியில் வேண்டாம், தையில் கலியாணத்தை வைப்போம், யாழ்ப்பாணத்துக்குக் கேட்ட இடமாற்றமும் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். பிறகு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, “தேத்தண்ணி போடட்டா அம்மா?” என்று கேட்டாய். நானும் ஒன்றும் கேட்காத மாதிரி ஓம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் இதில் நல்ல கெட்டிக்காரர்.

முகத்துக்கு முன்னால் சொல்லலாம்தான். ஆனால் நீ என் கதையைக் கேட்கமாட்டாய், என் முகத்தைப் பார்ப்பாய். இருபது வருசமாக அதைத்தான் செய்கிறாய். நான் உப்பு எங்கே என்று கேட்டாலும், எந்த இடத்தில் நோகுதென்று தேடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே இருப்பில் எழுதமாட்டேன், கை விட்டுவிட்டுத்தான் எழுதும். இதை மூடி ஒளித்து வைக்கவும் போவதில்லை. உன் சின்னம்மா எப்படியும் வாசிப்பாள், வாசிக்கட்டும். தர்சினிக்கும் கொடு. அவளுக்குத் தெரியவேண்டிய ஒரு விசயம் இதில் இருக்கிறது. உனக்கு அதைவிட அதிகமாகத் தெரியவேண்டியது.

முதலில் அந்தச் ‘சுகம் வரட்டும்’ என்ற கதையை விடு. காய்ச்சலுக்குச் சுகம் வரும். முறிந்த கைக்குச் சுகம் வரும். எனக்கு வருவதும் போவதும்தான் இருக்கிறது. சுகம் வந்த பிறகு கலியாணம் என்றால், அலை ஓய்ந்த பிறகு கடலில் முழுகலாம் என்று கரையில் நிற்கிறவனின் கதைதான். கடலோரக் கல்லாற்றில் பிறந்தவனுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டுமா?

இது எப்படித் தொடங்கியது என்று உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. அப்பா மாரடைப்பில் போன அடுத்த வருசம் நான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு நாள் மா பிழிகிற உரலை அமத்தும்போது வலது தோளில் ஏதோ பிடித்தது. பிடித்தது விடவில்லை. முதலில் எல்லாரும் உரலைத்தான் குற்றம் சொன்னார்கள். மர உரலை விட்டு அலுமினிய உரல் வாங்கினேன், நோ தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. குந்தியிருந்து அமத்தாதே என்றார்கள், மேசை போட்டேன், காலுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். தெரியவில்லை என்று அவர்கள் சொன்னது ஊருக்குள் வருவதற்குள் இல்லை என்று ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம் என்று சந்தையில் கதைத்தார்கள்.

அந்த டொக்டர் நல்ல பிள்ளை. தெற்குப் பக்கத்து ஆள், தமிழ் பழகி வைத்திருந்தார். உங்கள் நோவுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் சொல்லுங்கள் என்றார். நெல்லென்றால் மரைக்காலால் அளந்து சொல்லலாம், இதை எதால் அளக்கிறது? குத்துகிற நோ வேறு, எரிகிற நோ வேறு, கடுக்கிறது வேறு, விறைக்கிறது வேறு. இதெல்லாம் இல்லாமல் எலும்புக்குள் மெதுவாக ஒன்று அரைத்துக்கொண்டு கிடக்குமே, அது உளைவு. எனக்கு உளையுது டொக்டர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிஸ் சிங்களத்தில் ஒரே ஒரு சொல்லால் சொல்லிக் கொடுத்தா. இவ்வளவு பெரிய உளைவுக்கு அவ்வளவு சின்னச் சொல்லா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போகும்போது அவர் ஒன்று சொன்னார்: “இது போகும், வரும் அம்மா. எப்ப போகும், எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது.” எல்லாரும் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு எண்ணெய், இன்னும் ஒரு நேர்த்தி என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். வெளியில் வந்து வாங்கில் இருந்து அழுதேன். நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டவங்களா என்று கேட்டாய்.

அதற்குப் பிறகுதான் நீ அதற்குப் பெயர் வைத்தாய். அந்த வருசம் உனக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்பளம். வீட்டில் எல்லாரும், அம்மாள் வந்திருக்கா, அவவைப் பேசப்படா, அவ தானாக இறங்கிப் போவா என்று மரியாதையாகக் கதைத்ததைக் கேட்டுக்கொண்டு வேப்பங்குலைக்குள் கிடந்தாய். எழும்பி வந்தபிறகு என் நோவுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தாய். “அம்மா, அவ வந்திட்டாவா?” என்று பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் கேட்பாய். “அவ இண்டைக்கு எவடத்தில?” என்பாய். சின்னம்மாவும் நானும் முதலில் சிரித்தோம். பிறகு எங்களுக்கும் அது வாயில் வந்துவிட்டது. அவ நேற்று வரவில்லை, அவ இன்றைக்கு முதுகில் என்று நாங்களும் சொல்லத் தொடங்கினோம். ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை கூடியிருக்கிற மாதிரித்தான். கூப்பிடாமல் வருவா, சொல்லாமல் போவா, சாப்பாடு மட்டும் கேட்கமாட்டா.

அவ வந்திருக்கிற நாளைவிட வராத நாளில்தான் எனக்குப் பயம். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வந்திருக்கிற நாளில் அவ எங்கே என்று தெரியும். இடுப்பிலா, முழங்காலிலா, அங்கேதான் இருப்பா. ஒன்றும் நோகாமல் விடிகிற நாளில் நான் அசையாமல் கிடந்து, ஒவ்வொரு மூட்டாகத் தேடிப் பார்ப்பேன். தோளில் இல்லை, முதுகில் இல்லை, காலில் இல்லை. பிறகு எங்கே? ஆள் இல்லாத வீட்டில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். நீ கண்டிருப்பாய், அப்படியான நாளில்தான் நான் ஆட்களோடு எரிந்து விழுவேன். நீ நினைப்பாய், நோவில்லை, அம்மா சிரித்துக்கொண்டு இருக்கலாமே என்று. எப்படி மகன் சிரிக்கிறது? நான் காதைக் கொடுத்துக்கொண்டல்லவா இருக்கிறேன்.

ஒருமுறை ஆடி அமாவாசைக்கு உன் மாமி, அப்பாவின் அக்கா, அமிர்தகழிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் மாமாங்கத் தீர்த்தத்தில் முழுக வைத்தா. மெய்தான், அந்தக் கிழமை முழுக்க நோ இல்லை. சின்னம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கலியாண வீட்டுக்கு இடியப்பம் ஏற்றுக்கொண்டேன், கூரையில் தூசி தட்டினேன், மூலையில் கிடந்த நெல் மூடையை இழுத்துப் போட்டேன். வருசக்கணக்கில் செய்யாமல் விட்டதையெல்லாம் ஒரு கிழமைக்குள் செய்து முடிக்கப் பார்த்தேன். கலியாணத்தன்று விடியப்புறம், மாவில் பாதி பிழிந்திருக்க, உரலின் மேல் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். சின்னம்மா வந்துதான் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தீட்டுத் துடக்கோடு முழுகியிருப்பாள், அதுதான் திரும்பி வந்தது என்று மாமி சொன்னா. அது என் பிழையாகிவிட்டது. நல்ல நாள் ஒன்று கிடைத்தால் அதை உடனே முழுவதும் தின்று தீர்க்கப்படா என்று அன்றைக்குத்தான் படித்தேன். உனக்கும் இது உதவும். சந்தோசமான நாளில் கலியாணம் கட்டிய ஆட்களும் இந்தப் பிழையைத்தான் விடுகிறார்கள். ஒரே கிழமையில் எல்லாவற்றையும் கதைத்து, எல்லாவற்றையும் வாங்கி, எல்லாருக்கும் வாக்குக் கொடுத்து, பிறகு ஆளையாள் பார்த்து முழிப்பார்கள்.

இப்போது தர்சினியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லவேண்டும். களுவாஞ்சிக்குடியில் முதல் உத்தியோகம் கிடைத்து வந்த பிள்ளை, நம்மூரில் அறை எடுத்து இருந்தவள், நீங்கள் இரண்டு பேரும் விரும்பினீர்கள், எனக்கு மறுப்பே இல்லை. அவளுக்குச் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. அங்கே அவள் பெயரில் வீடும் இருக்கிறது. நீ அங்கே போவதில் ஒரு புதினமும் இல்லை. நம்மூரில் ஆம்பிளைப் பிள்ளை என்றால் கலியாணம் கட்டிப் பெண் வீட்டுக்குப் போகிற பிள்ளைதான். உன் அப்பாவும் சாரத்தை மடித்துக்கொண்டு என் வளவுக்கு வந்த ஆள்தான். எனக்கு ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திராது. அவள் இந்த வளவில் இருப்பாள், நீ உன் பாட்டில் போயிருப்பாய். இல்லாதது என் விதி, அதை உன் தலையில் கட்ட ஏலாது.

அவர்கள் வருகிறார்கள் என்று நான் முதல் நாளே இறால் வாங்கி, வீடெல்லாம் கூட்டி, புதுச்சீலை எடுத்து வைத்தேன். அவர்கள் வந்து இறங்கிய நேரம் அவ வந்து இறங்கினா. நடு அறையில் பன்பாயில் விழுந்து கிடந்தேன், எழும்பி வாங்க என்று சொல்லவும் ஏலவில்லை. சின்னம்மா பாவம், சோறு கறியோடு ஓடித் திரிந்தாள். தர்சினியின் அம்மா என் பக்கத்தில் வந்து இருந்து, நல்ல மனிசிதான், கையைப் பிடித்துக்கொண்டு, பகிடியாகத்தான் சொன்னா: “மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வச்சிடுவினம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவை. இஞ்ச வந்து பாத்தா அம்மாதான் ஒட்டிக் கிடக்கிறா. பிறகு மகன் எப்பிடிக் கிளம்புறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் உன் கண் என்னிடம் இருந்தது. நம்மை மந்திரக்காரர் என்று சொல்வது புதிதா? பஸ்ஸில் போனால் சொல்வார்கள், படிக்கப் போனால் சொல்வார்கள், வந்த ஆளைப் போகவிடாமல் மட்டக்களப்பான் மந்திரத்தால் பாயோட ஒட்டிவிடுவான் என்று. நாமும் ஓமோம், கவனம், இரும் பாப்பம் என்று திரும்பப் பகிடி விடுவோம். அன்றைக்கு எனக்கு ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. நான் கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்தாய். அதனால்தான் அவர்களோடு உனக்கும் முகம் சுழித்தது, கலியாணக் கதையும் இழுபட்டது. நான் கோபிக்கவில்லை மகன். தெரியாமல் கல்லை எறிந்து சரியான மாங்காயை விழுத்தின மாதிரி, அந்த மனிசி தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டா என்று பயந்துபோனேன்.

இனி அந்தக் கதை. உனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்த வருசம். பெட்டி கட்டியாகிவிட்டது. போக இரண்டு மூன்று நாள் இருக்க, அவ வந்தா. வழக்கத்தைவிடப் பொல்லாததாக வந்தா. நீ முன் வாசலில் நின்று உன் சிநேகிதனோடு போனில், “அவ வந்திட்டாடா. அம்மாவ எழும்ப உடுறா இல்ல. நான் எப்பிடிப் போற?” என்று கதைத்தாய். அந்த நேரம் பார்த்து உன்னை வழியனுப்ப வந்த மாமி கேற்றடியில் நின்று கேட்டுவிட்டா. நம் வீட்டுப் பாசை அவவுக்குத் தெரியுமா? அவ என்றால் ஒரு பொம்பிளை. எழும்ப விடாத பொம்பிளை என்றால் செத்த பொம்பிளை. மாமி உள்ளே வந்து என்னைப் பார்த்தா, நெற்றியைத் தொட்டா, திரும்பிப் போனா. அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் ஒரு மந்திரிக்கிற ஆளோடு வந்து நின்றா. அது என்ன ‘அவ’ என்று சின்னம்மா எவ்வளவோ விளங்கப்படுத்திப் பார்த்தாள். பேய் பிடித்த வீட்டார் எல்லாரும் இப்படித்தான் மறைப்பார்கள் என்று மாமி சொல்லிவிட்டா.

நீ அங்கே நிற்கவில்லை. மந்திரிக்கத் தேசிக்காய் போதாதென்று உன்னைச் சைக்கிளில் களுவாஞ்சிக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைப் பலகையில் இருத்தி, உடுக்கு அடித்து, வேப்பங்குலையால் அடித்து, ஆர் நீ, ஆர் நீ என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இடுப்பு எரிந்தது. படுக்க விட்டால் போதும். ஆர் என்றாலும் சொல்லியிருப்பேன், செத்தவர்கள் பெயரெல்லாம் யோசித்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் அவர் குனிந்து, அடிக்காமல், மெதுவாகக் கேட்டார்: “உனக்கு என்ன வேணும்? செல்லிப்போட்டுப் போ.”

“எண்ட மகன் என்ன உட்டுட்டுப் போகப்படா.”

அதுதான் சொன்னது. என் வாயால்தான் வந்தது. அந்த ஆள் மாமியைத் திரும்பிப் பார்த்து, கேட்டீங்களா, புள்ளையில் ஆசை வைத்த ஆத்துமா, இந்த வருசம் பொடியனை ஆறு கடக்க விடாதீங்க என்றார். சேவலைச் சுற்றினார், கழிப்புக் கழித்தார், போய்விட்டார். நீ தேசிக்காயோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆறு கடக்கப்படாதாம் என்று மட்டும் மாமி உனக்குச் சொன்னா, யார் கேட்டது, என்ன கேட்டது என்று சொல்லவில்லை. இந்த விசர்க்கதையை நம்பிறீங்களா மாமி என்று நீ கத்துவாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்தவில்லை. பெட்டியைத் திறந்து, உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து, அலுமாரியில் திரும்ப அடுக்கினாய். பேய்க்குப் பயந்து நீ நிற்கவில்லை, நான் அசையாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் நின்றாய் என்று எனக்குத் தெரியும். நான் பாயில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடைசி சேர்ட்டை நீ மடித்து வைத்த நேரம் எனக்கு நோ குறைந்திருந்தது.

இதைத்தான் மகன் நான் இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நோ குறைந்திருந்தது. பிழிந்தெடுத்த ஆளுக்கு, படுத்தவுடன் குறைவது வழமைதானே என்று நூறு தரம் எனக்கே சொல்லியிருக்கிறேன். உன் சின்னம்மாவிடம் ஒரே ஒரு தரம் கேட்டேன். “அது நீ செல்லல்லகா, அது பேசினது” என்றாள். அது ஆர் என்று கேட்டேன். “ஆரெண்டாலும் நீ இல்ல” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை போட்டாள். அவள் அன்றைக்குப் பயந்தது பேய்க்கு இல்லை, என் கேள்விக்கு.

பிறகு நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். நீ இங்கேயே ஒரு படிப்புப் படித்து, இங்கேயே உத்தியோகம் எடுத்தாய். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போகவேண்டி வந்த நாளில் அவ வந்தா. அடுத்த முறை நீ திருகோணமலைக்குப் போனபோது வரவில்லை. நீ எங்கும் போகாமல் என் பக்கத்தில் இருந்து மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த நாளில், ஒரு காரணமும் இல்லாமல் வந்து மூன்று நாள் போட்டுப் புரட்டினா. கணக்கு எந்தப் பக்கமும் ஒத்துவரவில்லை. நான் கூப்பிட்டு வருகிறாவா, அவ பாட்டில் வருகிறாவா, எனக்குத் தெரியாது. பொய்யாக நோகுது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் நம்பும் கண்ணகி அம்மன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நோகாமல் ஒரு நாளும் பாயில் விழவில்லை. ஆனால் ஏன் நோகுது என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண ஏலாது. அந்தப் பலகையில் இருந்து பேசிய குரல் என் குரல்தான். சில நாள் நீ வேலையால் வந்து கேற்றைத் திறக்கிற சத்தத்தோடு அந்தக் குரல் எனக்குள் ‘வந்திட்டான்’ என்று சொல்லும். தாய்க்கு வருகிற சந்தோசமா அது, வேறு ஒன்றா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை.

நீ என்னை வெறுக்கலாம். நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பேராதனை உன் கையை விட்டுப் போனது, இந்த வீட்டு ஓட்டுக்குக் கீழே போனது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பு என்று கேட்டால் நீ உடனே தந்துவிட்டு, இன்னும் கிட்ட வந்து இருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா?

தர்சினியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு அவள் அம்மா சொன்ன பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என்னிடம் வந்து குந்தி இருந்தாள். இப்ப எப்படி இருக்கு, மருந்து குடிச்சீங்களா, ஏன் பெரிய டொக்டரிட்டக் காட்டேல்ல என்று ஒன்றும் கேட்கவில்லை. “மாமி, உங்களுக்கு எந்த மாதிரி நோகும்?” என்று கேட்டாள். இவ்வளவு வருசத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் உளைவையும் கடுப்பையும் சொன்னேன். உளைவு என்றால் அவளுக்கு விளங்கியது, அவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். மாதத்தில் சில நாள் தனக்கும் இடுப்பு உளைந்து, கந்தோரில் கதிரையை விட்டு எழும்ப ஏலாமல் இருக்கும், உனக்குச் சொன்னால் நீ பயந்துபோவாய் என்று சொல்லவில்லை என்றாள். பார், உன்னிடம் ஒளிக்கிற ஆள் நான் மட்டும் இல்லை. நோகுது என்று ஒரு பொம்பிளை சொன்னால் நீ உடனே தூக்கிச் சுமக்க வருகிறாய். அதனால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. அவள் சொல்லும்போது எந்த மாதிரி என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் இரு. மெய்யாகவா என்று கேளாதே. எப்போது மாறும் என்றும் கேளாதே, அது அவளுக்கும் தெரியாது. ஒரு தேத்தண்ணியைப் போட்டு வைத்துவிட்டு உன் வேலைக்குப் போ.

இங்கே நான் எப்படி இருப்பேன் என்று யோசிப்பாய். இப்போது எப்படி இருக்கிறேனோ அப்படித்தான். சின்னம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், என்னைப் பேசாமல் அவளுக்குப் பொழுது போகாது. கடைக்காரருக்கு நாளைக்குத் தருகிறேன் என்று நான் சொல்வதில்லை, ஏலுமென்றால் தருகிறேன் என்றுதான் சொல்கிறேன். முதலில் முகத்தைச் சுழித்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். ஏலுமென்றால் சமைப்பேன், ஏலாவிட்டால் பாணும் சீனியும். பயம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நீ இல்லாத வீட்டில் அவவும் நானும் மட்டும் இருப்பதை நினைத்தால் எனக்கு ஈரல் நடுங்குகிறது. நான் பெரிய தியாகி என்று ஒருவரும் சொல்லவேண்டாம். போ என்று சொல்கிற இந்தக் கைதான் உன் சேர்ட்டைப் பிடித்து இழுக்கவும் ஆசைப்படுகிறது.

அதனால் நான் திடமாக இருக்கிற இந்த நாளில், இந்த நேரத்தில், சொல்வதை நீ பிடித்துக்கொள். கலியாணம் ஆவணியில்தான். இடமாற்றத்தை வேண்டாமென்று எழுதாதே, எழுதியிருந்தால் கிழித்துப் போடு. யாழ்ப்பாணம் வரைக்கும் வான் வண்டியில் இருந்து வர என் இடுப்பு விடுமா என்று அந்த நாள் விடிந்தால்தான் தெரியும். விட்டால் வருவேன், முன்வரிசையில் இருப்பேன், உன் மாமியாரின் பகிடிக்கு ஒரு பகிடி திரும்பச் சொல்லுவேன். விடாவிட்டால் வரமாட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டு மணவறையில் இருக்காதே. முகூர்த்தத்துக்குத் தாலியைக் கட்டு.

கட்டிய பிறகு அங்கேயே இரு. திருவிழாவுக்கு வா, பொங்கலுக்கு வா, ஒரு காரணமும் இல்லாமல் இறால் தின்ன வா. ஆனால் ஒரு நாள் இங்கிருந்து போன் வரும், அம்மா பாயில் விழுந்துவிட்டா, துடிக்கிறா என்று. மாமி எடுப்பா, இல்லையென்றால் நானே எடுப்பேன். அழுவேன், வா மகன் என்று கெஞ்சுவேன். அது உண்மையா, பொய்யா, அவவா, நானா என்று பார்க்க வராதே. உண்மையாகத்தான் இருக்கும். அப்போதும் வராதே.

அம்மா